பதினாறு அறைகளும் ஒரு விமானமும்

வுல்வர்ஹாம்ப்டன், இங்கிலாந்து
14 ஜனவரி 1996

மதிப்பிற்குரிய அண்ணி தேஜ் கௌருக்கு, மல்கியத் சிங்கின் சத் ஸ்ரீ அகால்.

இங்கே நான், சுரிந்தர், பிள்ளைகள் எல்லோரும் குருவின் கருணையால் சுகம். பஸ் ஓட்டி ஓட்டி என் இடுப்புக்கு மட்டும் தனி அபிப்பிராயம் வந்துவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தப் பனியிலும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தா போகிறீர்கள்?

நம் பழைய வீடு இருக்கும் இடத்தில் மூன்று அடுக்கில் பங்களா கட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். எதிர்வீட்டு பிக்கர் சிங்கின் புதுவீட்டுப் புகைப்படத்தை இங்கே குருத்வாராவில் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டு அடுக்கு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கால்பந்து வடிவத்தில். பிக்கர் கால்பந்து ஆடி நான் பார்த்ததில்லை.

வரைபடம் இத்துடன். வரைந்தவர் எங்கள் டிப்போக்காரர் ஒருவரின் மருமகன். நகராட்சியில் சாலைகளுக்குப் படம் போடுகிறவர். மொத்தம் பதினாறு அறைகள். எது யாருக்கு, எது எதற்கு என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் உஜாகர் உயிரோடு இருந்தால் அவரே நின்று கட்டியிருப்பார். அவர் போன பிறகு அங்கே எனக்கு உங்களைவிட்டால் யார்? மேஸ்திரி தௌலத் ராமிடம் பேசுங்கள். கோதுமை அறுவடைக்குள் பழைய வீட்டை இடித்துவிட்டால் நல்லது. போனில் சொல்லலாம்தான். ஊரில் இருக்கும் ஒரே போன் பிக்கரின் கடையில் இருப்பதால் எல்லாம் கடிதத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
மல்கியத்


சக் மூலோவால், ஜலந்தர் மாவட்டம்
10 பிப்ரவரி 1996

அன்புத் தம்பி மல்கியத்துக்கு ஆசிகள்.

நான் சுகம். முழங்கால் நாளுக்கு ஒருமுறை பேச்சுக் கொடுக்கிறது, நான் பதில் சொல்வதில்லை. உன் இடுப்புக்காகக் கோந்து போட்ட பின்னி உருண்டைகளைப் பர்மிங்காம் போகிறவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் ரயிலிலேயே திறந்துவிடக்கூடிய ஆள். மிஞ்சியது வந்து சேரும்.

வரைபடம் மிக நன்றாக இருக்கிறது. எனக்குச் சில சந்தேகங்கள். கீழ்த்தளத்தில் ‘முன்கூடம்’ ஒன்றும் ‘உள்கூடம்’ ஒன்றும் இருக்கின்றன. முன்கூடத்தில் உட்காரவைக்கப்பட்டவருக்கு உள்கூடம் இருப்பது தெரிந்தால் வருத்தப்பட மாட்டாரா? ‘கோட்டு அறை’ என்பது என்ன? மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். குளிருக்குக் கோட்டுகள் எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் இடம் என்றாள் ஒருத்தி. அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அப்புறம், பதினாறு அறைக்கும் ஜன்னல்கள் சாலைப் பக்கமே இருக்கின்றன. சாலையில் போகிறவர்களுக்கு வசதிதான்.

அறைகளின் பெயர்களை இரண்டு முறை படித்தேன். நீ, சுரிந்தர். மகன் ஹர்ஜிந்தர். மகள் நீலமும் அவள் கணவனும். விருந்தினர் ஒன்று, இரண்டு, மூன்று. வருங்கால மருமகள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் வரவில்லை என்றுதான் கணக்கு. ஆகவே இரண்டு முறை படிப்பது ஆசிரியர்களின் பழக்கம்.

பழைய வீட்டை இடித்த பிறகு நான் எங்கே இருப்பது என்பதை வேறொரு தாளில் எழுதி, உறையில் போட மறந்துவிட்டாயோ?

எல்லோருக்கும் என் ஆசி,
தேஜ் கௌர்


வுல்வர்ஹாம்ப்டன்
17 மார்ச் 1996

மதிப்பிற்குரிய அண்ணிக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம், உங்கள் சுகம் கேட்டு எழுதுகிறேன். பின்னி உருண்டை மூன்று வந்து சேர்ந்தது.

கோட்டு அறை என்பது கோட்டுகளைக் கழற்றி மாட்டும் இடம். இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. உள்கூடம் நெருங்கியவர்களுக்கு. ஜன்னல்கள் அப்படியே இருக்கட்டும்.

இரண்டு புது யோசனைகள். முதலாவது, மூன்றாவது அடுக்கில் நடுநாயகமாக ஓர் அறையில் குரு கிரந்த சாகிபை எழுந்தருளச் செய்யப்போகிறேன். நூல் வடிவில் இருந்தாலும் குருவின் தலைக்கு மேல் ஆள் நடக்கக்கூடாது அல்லவா? அதனால்தான் உச்சி அடுக்கு. இங்கே குருத்வாராக் குழுவில் சொன்னேன், எல்லோரும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிக்கர் வீட்டில் அப்படியோர் அறை கிடையாது.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி விமான வடிவத்தில். வயிற்றில் தண்ணீர். முன்பக்கம் ஆறு பேர் உட்கார இருக்கைகள், ஏற ஓர் ஏணி. கட்டடத்துக்கு நடு உச்சியில் வைத்தால்தான் நகோதர் சாலையிலிருந்தே தெரியும்.

கட்டி முடியும்வரை நீங்கள் வயலில் உள்ள மோட்டார் அறையில் இருந்துகொள்ளலாம். விளக்கு இருக்கிறது.

பணிவுடன்,
மல்கியத்


சக் மூலோவால்
21 ஏப்ரல் 1996

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

பைசாகிப் பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டை இடித்தார்கள். கட்ட ஒரு தலைமுறை ஆன வீடு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. நான் மோட்டார் அறையில் சுகம். கரண்டு வரும்போது கட்டில் லேசாக நடுங்குகிறது. முழங்காலுக்கு அது இதமாகத்தான் இருக்கிறது.

அஸ்திவாரம் தோண்டும்போது பிக்கர் வந்து நின்றார். “டீச்சரம்மா, பதினாறு ரூமாமே. உங்க கொழுந்தன் என்ன, ஆஸ்பத்திரி வைக்கப்போறாரா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே, உங்க வீட்டுப் பந்துக்கு டீம் வந்தா தங்க எடம் வேணாமா?” என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தௌலத் ராமுக்கு உன் வரைபடத்தில் ஒன்றுதான் புரியவில்லை. இரண்டு கூடத்திலும் சுவருக்குள் அடுப்பு மாதிரி ஒன்று வரைந்திருக்கிறது. குளிர் காய்வதற்கு என்று விளக்கினேன். “கூடத்துக்குள்ளயே நெருப்பு மூட்டுவாங்களா? அப்பச் சமையக்கட்டு எதுக்கும்மா?” என்றான். பிறகு தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, புகைபோக்கி இல்லாமல் அழகாகக் கட்டிவிட்டான். வெங்காயம் வைத்துக்கொள்ளலாமாம்.

‘கட்டி முடியும்வரை’ என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியைப் பக்கத்தைத் திருப்பித் தேடினேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

சுரிந்தருக்கும் பிள்ளைகளுக்கும் ஆசி,
தேஜ் கௌர்


வுல்வர்ஹாம்ப்டன்
30 ஜூன் 1996

மதிப்பிற்குரிய அண்ணிக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். இங்கே சுகம். அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். மோர் நிறையக் குடியுங்கள்.

விமானத்துக்கு வெள்ளை நிறம், வாலில் சிவப்புக் கோடு. மூக்கு மேற்கே பார்க்க வேண்டும், அதாவது நான் இருக்கும் திசை. ஜன்னல்களுக்குக் கண்ணாடி உண்டா என்று தௌலத் ராமிடம் கேட்டு எழுதுங்கள். பிக்கர் ஏதாவது சொன்னாரா?

இன்னொரு விஷயம், சுரிந்தர் சொன்னது. வீடு முடிந்ததும் பூட்டிவைத்துவிட்டு, ஒரு காவலாளைக் குடும்பத்தோடு மோட்டார் அறையில் வைக்கலாம் என்கிறாள். நீங்களும் இத்தனை காலம் தனியாகக் கஷ்டப்பட்டுவிட்டீர்கள். மோகாவில் உங்கள் தம்பி வீட்டில் உங்களைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருப்பார்கள் என்று அவள்தான் சொன்னாள். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
மல்கியத்


சக் மூலோவால்
24 ஜூலை 1996

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நான் சுகம். மழை வந்துவிட்டது. சுரிந்தரின் அக்கறைக்கு நன்றி சொல். என் தம்பி மனைவி நல்லவள். அவள் கடைசிவரை நல்லவளாகவே இருக்கட்டும் என்றுதான் ஆண்டுக்கு நான்கு நாளுக்கு மேல் நான் மோகாவில் தங்குவதில்லை.

விமானத்துக்குக் கண்ணாடி உண்டு. ஆனால் அதற்கு முன் வேறொரு சிக்கல். மூன்றாவது அடுக்குக்குச் சுவர் எழும்பியதும், குருவின் அறையைப் பார்க்க நம் குருத்வாராவில் கிரந்தம் ஓதும் கிரந்தி பாபா ஜவந்த் சிங்கை அழைத்துப் போனேன். சுற்றிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். பிறகு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார்.

“இங்க குரு இருப்பார். அதுக்கு மேல என்ன வருது?”

“விமானம் பாபாஜி.”

“அதுல யாரு உக்காருவா?”

“ஆறு பேரு.”

“குரு தலைக்கு மேல, ஆறு பேரு, செருப்போட.”

தௌலத் ராம் குறுக்கிட்டு, “கழட்டிட்டு ஏறச் சொல்லலாம் பாபாஜி” என்றான்.

“காலக் கழட்ட முடியுமாடா?” என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

வேலை நின்றுவிட்டது. ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. விமானத்தை மாட்டுக்கொட்டகை மேல் வைக்கலாம் என்கிறது ஒரு கட்சி. ஏணியை எடுத்துவிட்டால் தொட்டி வெறும் தொட்டிதானே என்கிறது இன்னொரு கட்சி. தொட்டியைக் கழுவ வருஷத்துக்கு ஒருவன் ஏறித்தானே ஆகவேண்டும் என்று பாபா அதையும் மறுத்துவிட்டார். நான் இரண்டு தரப்புக்கும் டீ போட்டுக் கொடுக்கிறேன். விமானமா, குருவா என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஆசியுடன்,
தேஜ் கௌர்


வுல்வர்ஹாம்ப்டன்
18 ஆகஸ்ட் 1996

அண்ணி, வணக்கம். சுகம், சுகம் கேட்கிறேன்.

குருவை விட முடியாது, குழுவில் சொல்லிவிட்டேன். விமானத்தையும் விட முடியாது, டிப்போவில் சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரர்கள்கூடப் புகைப்படம் கேட்கிறார்கள். ‘எப்ப டேக் ஆஃப் மல்கியத்’ என்று தினமும் ஒருவன் கேட்கிறான்.

சாலைப் படம் வரைபவரைக் கேட்டேன். விமானத்துக்கு மேலே வேறு சாலை வராது என்கிறார். அவரால் பயனில்லை. நீங்கள் படித்தவர். எப்படியாவது ஒரு வழி பண்ணுங்கள்.

மல்கியத்


சக் மூலோவால்
15 செப்டம்பர் 1996

அன்புத் தம்பிக்கு ஆசிகள். நான் சுகம், உன் இடுப்பு எப்படி?

வழி பண்ணியாகிவிட்டது. விமானம் நீ கேட்ட நடு உச்சியில், மேற்கே பார்த்தபடி. அதன் அடியில் இருக்கும் அறையில் இனி குரு இல்லை. அதற்கு ‘விருந்தினர் நான்கு’ என்று பெயர் வைத்துக்கொள். குருவுக்கு வீட்டின் பின்பக்கம், வயலை ஒட்டித் தனியாக ஓர் அறை. தரைத்தளம் மட்டும். தலைக்கு மேல் ஆகாயம்தான். பாபா ஜவந்த் சிங் வந்து பார்த்துச் சம்மதித்தார். சம்மதித்த கையோடு இன்னொரு கேள்வி கேட்டார்.

“டீச்சரம்மா, விடியுமுன்ன குளிச்சிட்டு வந்து கிரந்தத்தத் திறக்கணும், சாயங்காலம் மூடிப் போத்தணும். தினமும். யாரு செய்வா?”

“வீட்டுக்காரங்க மூணு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க பாபாஜி.”

“பூட்டுன வீட்டுல குருவ வெச்சிட்டு ஊருக்குப் போறது, பெத்தவங்கள உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறதுக்குச் சமம். ஆள் இல்லன்னா நான் எழுந்தருளப் பண்ண மாட்டேன்.”

ஆகவே குருவின் அறையை ஒட்டி, சேவை செய்கிறவருக்கு ஓர் அறையும் குளியலறையும் வேண்டும் என்றாயிற்று. அந்தச் சேவகர் யார் என்று பாபா கேட்டார், தௌலத் ராம் கேட்டான், பிக்கரின் மனைவி சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். எனக்கு நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்று மட்டும் சொன்னேன்.

மறைத்து எழுதுவது எனக்குச் சரியாக வராது, அதனால் நேராகவே எழுதுகிறேன். இந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்தெட்டு வருஷம். வரும்போது நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றிருந்தாய். எனக்கு இந்த இடத்தைவிட்டுப் போக விருப்பமில்லை. பதினாறில் ஒன்றும் வேண்டாம். இது பதினேழாவது.

உனக்கு எழுதி அனுமதி கேட்கலாம் என்றுதான் இருந்தேன். உன் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. தளம் காயப் பத்து நாள்தான் ஆயிற்று.

ஆசியுடன்,
தேஜ் கௌர்


வுல்வர்ஹாம்ப்டன்
27 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய அண்ணிக்கு வணக்கம்.

சுகம். உங்கள் கடிதத்தைச் சுரிந்தர் படித்தாள், பிறகு நான் படித்தேன், பிறகு அவள் மறுபடி படித்தாள். பின்பக்கம் என்பதால் சாலையிலிருந்து பார்க்க வீட்டின் அமைப்பு கெடாது என்று சொன்னாள். அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கணக்கில் தோற்றது ஒரே ஒரு முறைதான். அதை ஹர்ஜிந்தரிடம் சொல்ல வேண்டாம்.

டிசம்பர் கடைசியில் எல்லோரும் வருகிறோம். ஜனவரி ஐந்தாம் தேதி, கிரந்தம் முழுவதையும் இடைவிடாமல் ஓதும் அகண்ட பாடம் வைத்து, குருவை எழுந்தருளச் செய்யலாம். உங்கள் அறைக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று எழுதுங்கள்.

மல்கியத்


சக் மூலோவால்
2 பிப்ரவரி 1997

அன்புத் தம்பிக்கு ஆசிகள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி பிக்கரின் கடைப் போனில் வந்தது. அதனால் எனக்கு முன் ஊருக்குத் தெரிந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டேன். பூட்டும்முன் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தேன். பதினெட்டு நாள் இருந்தீர்கள். பதினொரு கட்டில்களில் விரிப்பு கலையவில்லை. ஒரே ஹீட்டர் என்பதால் எல்லோரும் ஓர் அறையில் படுத்தீர்கள், பளிங்குத் தரை ஜில்லென்று இருக்கிறது என்று விடிந்ததும் பின்பக்கம் வந்து என் வாசல் வெயிலில் உட்கார்ந்தீர்கள். நெருங்கியவர்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டதால் உள்கூடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

விமானத்தைப் பார்க்க நகோதரிலிருந்து இரண்டு டிராக்டரில் ஆள் வந்தார்கள். பிக்கர் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் நீட்ட இடம் போதவில்லை என்றார். உன் விமானத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

நீ தினமும் விடியற்காலையில் நான் கிரந்தம் ஓதும்போது வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாய். முடிந்த பிறகும் எழவில்லை. இடுப்பு வலியா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். ஆமாம் போலத் தெரியவில்லை.

எல்லோருக்கும் ஆசி,
தேஜ் கௌர்


வுல்வர்ஹாம்ப்டன்
9 மார்ச் 1997

மதிப்பிற்குரிய அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் முழங்கால் சுகமா? இங்கே எல்லோரும் சுகம்தான். டிப்போ டாக்டர் என் இடுப்பைப் படம் பிடித்துப் பார்த்து, இனி பஸ் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏப்ரலோடு நின்றுகொள்கிறேன். நீலத்துக்குப் பிரசவம் ஆகஸ்டில். சுரிந்தர் அவளோடுதான் இருப்பாள், அவளுக்கு அங்கே வர விருப்பம் இல்லை. ஹர்ஜிந்தர் வேலைக்குப் போய்விடுகிறான். பகலெல்லாம் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்.

சில விவரங்கள் எழுதி அனுப்புவீர்களா? பின்பக்க வாசலில் குளிர்காலத்தில் எத்தனை மணிவரை வெயில் இருக்கும்? உங்கள் அறைக்கும் வயல் வரப்புக்கும் நடுவே எத்தனை அடி? அந்தப் பக்கம் இன்னோர் அறை இழுத்தால் குருவின் அறைக்கு வெளிச்சம் மறையுமா? குளியலறைக் குழாயை அதுவரை கொண்டுபோக முடியுமா என்று தௌலத் ராமிடம் கேளுங்கள். பங்களாவில் ஓர் ஆள் தனியாக இருந்தால் எந்த அறையில் இருப்பது என்று யோசித்துப் பார்த்தேன். பதினாறும் சரியாக வரவில்லை.

அவசரம் ஒன்றும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பணிவுடன்,
மல்கியத்


சக் மூலோவால்
30 மார்ச் 1997

அன்புத் தம்பிக்கு ஆசிகள்.

நான் சுகம். இடுப்பைப் பற்றி டாக்டர் சொன்னதை அலட்சியம் செய்யாதே. வெந்நீர் ஒத்தடம் கொடு, தரையில் படுக்காதே.

நீ கேட்ட விவரங்கள். வெயில் நாலு மணிவரை. வரப்புக்குப் பதினெட்டு அடி. அந்தப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை இழுக்கலாம், குருவின் அறைக்கு வெளிச்சம் மறையாது. தௌலத் ராம் நூல் பிடித்துப் பார்த்துவிட்டான். குழாய் போகும். “இது யாருக்கும்மா?” என்று கேட்டான். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே செங்கலுக்குச் சொல்லப் போனான்.

சாலையிலிருந்து பார்த்தால் அந்த அறை தெரியாது. பின்னால் வருத்தப்படாமல் இருக்க இப்போதே சொல்லிவைக்கிறேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். நீ கேட்காமல் விட்டதற்கும் இதிலேயே எழுதிவிடுகிறேன், அதற்காக இன்னொரு மூன்று வாரம் யாரும் காத்திருக்க வேண்டாம்.

வா.

தேஜ் கௌர்